குளியலறையில் இரண்டு நிமிடம், ஆலையில் ஒரு நாள் விடுப்பு

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நான் பேச வந்திருக்கும் பொருள் மார்பு. மார்பில் வரும் புற்றுநோயைப் பற்றியும், நோய் வருகிறதோ இல்லையோ, அன்றாடம் நம் மார்பை நாம் எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். பொருளைச் சொன்ன உடனே கடைசி வரிசையில் நான்கைந்து தோழர்கள் டீ குடிக்க எழுந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. (சிரிப்பு) உட்காருங்கள் அண்ணா, டீ இங்கேயே வரும். வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, அடுத்த மாதம் சீட்டுப் பணம் வந்த பிறகு போகலாமா என்று முடிவு சொல்கிறவர்கள் நம் வீடுகளில் இன்றைக்கும் நீங்கள்தானே? முடிவு சொல்கிறவர் விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

இந்தச் சொல்லைச் சொல்வதற்கு நாம் ஏன் இப்படிக் கூசுகிறோம்? கண்ணகி தன் இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். 2001-இல் சென்னைக் கடற்கரையில் அவளுடைய சிலையை அகற்றியபோது இந்தப் பெங்களூரில் இருந்துகொண்டே கொதித்தோம். 2006-இல் திரும்ப வைத்தபோது மகிழ்ந்தோம். சிலைக்கு வந்தால் மார்பு வீரத்தின் சின்னம். நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே இடத்தில் ஒரு கட்டி வந்தால் மட்டும், "நெஞ்சுப் பக்கம் என்னமோ இருக்குதாம்" என்று முணுமுணுக்கிறோம். அல்சூர் ஏரிக்கரையில் நம் வள்ளுவர் சிலை 1991-லிருந்து 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் வரை பதினெட்டு ஆண்டுகள் சாக்குக்குள் கிடந்தது. அதைத் திறக்க வேண்டும் என்று எத்தனை தீர்மானம் போட்டோம்! பெண்களின் உடம்பின் மேல் நாமே போர்த்தி வைத்திருக்கிற சாக்கைப் பற்றி இதுவரை ஒரு தீர்மானம் உண்டா? நான் இந்தச் சங்கத்துக்கு வந்த நாள் முதல் பார்க்கிறேன், இதுதான் முதல் கூட்டம்.

என் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ரயில்வேயில் கேங்மேன். ஜோலார்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். பணியில் இருக்கும்போதே காலமானார். பத்தாவது தேறியிருந்த எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பின் மேல் பகுதியில், அக்குளை ஒட்டினாற்போல, ஒரு கொண்டைக்கடலை அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. வலி கிடையாது. மாதவிலக்கு முடிந்த பிறகும் அது அப்படியே இருந்தது. ரயில்வே டாக்டரிடம் போனேன். அவர் கையால் பார்த்துவிட்டு மேமோகிராமுக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார். பிறகு ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள், அதுதான் பயாப்சி. புற்றுநோய் என்று தெரிந்தது. ஆனால் ஆரம்ப நிலை. கட்டியை மட்டும் சுற்றுச் சதையோடு எடுத்தார்கள், அக்குளில் சில நெறிகளை எடுத்தார்கள், மார்பை எடுக்கவில்லை. அதன் பிறகு கதிர்வீச்சு. நம் ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்பார்களே, அது. இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், ஆபீஸ் போகிறேன், உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

இதைக் கேட்டு, "அக்கா எவ்வளவு உஷார், தானே கண்டுபிடித்துவிட்டார்" என்று யாராவது கைதட்ட நினைத்தால் தயவுசெய்து பொறுங்கள். இன்னொருத்தியின் விஷயத்தையும் சேர்த்துக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தங்கை. தையல் ஆலையில் டெய்லர். பெயர் சொல்ல வேண்டாம், விஷயத்தைச் சொல்லுங்கள் அக்கா என்று அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள். அவளும் தன் கட்டியைத் தானே கண்டுபிடித்தவள்தான். அவளுக்கும் அது சிறியதாக இருந்தபோதே கையில் பட்டது. கண்டுபிடித்ததில் எனக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன், சம்பளத்தோடு கிடைத்தது. அவள் ஒரு நாள் லீவு கேட்டதற்கு, "டார்கெட் யார் முடிப்பார்கள்?" என்றார் சூப்பர்வைசர். சொல்லாமல் நின்றால் அன்றைய கூலி போகும், அதோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். என் கையில் ரயில்வே மருத்துவ அட்டை இருந்தது. அவள் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள், ஆனால் அவளுடைய அட்டை எங்கே, எந்த டிஸ்பென்சரியில் பெயர் இருக்கிறது என்று ஆலையில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ரேஷன் கார்டோ தருமபுரியில் மாமியார் வீட்டில் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டு மாதம் தள்ளிப்போனது. முடிவில் கடலை அளவில் இருந்தது எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. வலது மார்பை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. எட்டுத் தடவை கீமோ. பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது கை வீங்கி, மிஷினில் முன்போல் உட்கார முடியவில்லை.

தோழர்களே, கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். போக முடிந்தது ஒருத்திக்கு மட்டும். நான் இன்றைக்குப் பேச வந்ததே இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

"பெண்களே, உங்களை நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்த தாளை ஆலை வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தத் தாளோடு பொறுப்பு முடிந்ததா? சீனாவில் ஷாங்காய் நகரத்தில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். யாரை வைத்துத் தெரியுமா? நம்மைப் போன்ற துணி ஆலைப் பெண்களை வைத்துத்தான். 1989-இல் தொடங்கி 519 ஆலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மார்பைத் தானே சோதிக்கும் முறையை முறையாகக் கற்றுக்கொடுத்துத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்கள். இன்னொரு பிரிவுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. 2002-இல் முடிவைச் சொன்னார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கற்றுக்கொண்ட பிரிவில் 135 பேர், கற்றுக்கொள்ளாத பிரிவில் 131 பேர்! சாவு ஒன்றும் குறையவில்லை. புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகளுக்குச் செய்த பயாப்சிகள்தான் அதிகமாயின.

அப்படியானால் தொட்டே பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். மாதம் ஒரு நாள், இன்ன முறையில், இத்தனை சுற்று என்று சடங்கு போலச் செய்வதில் மந்திரம் எதுவும் இல்லை என்றுதான் இதற்கு அர்த்தம். தன் உடம்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதையும், அதில் மாறுதல் வந்தால் உடனே காட்டுவதையும் மருத்துவர்கள் இன்றைக்கும் வலியுறுத்துகிறார்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் நமக்கு எங்கே இருக்கிறது?

ஸ்ரீராமபுரத்திலும் ஈஜிபுராவிலும் நம் வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஆறு குடும்பத்துக்கு ஒரு குளியலறை. உள்ளே ஒரு வாளித் தண்ணீர், தாழ்ப்பாள் சரியாக விழாது, வெளியே நான்கு பேர் கதவைத் தட்டுகிறார்கள். தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடிய பிறகு அங்கிருந்து விடியற்காலை ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிற பெண்கள் எத்தனையோ பேர். டிக்கெட் கவுண்டர் பக்கம் நின்றால் தெரியும், பாதிப் பேர் தலையை ரயிலில்தான் பின்னிக்கொள்கிறார்கள். இவர்களிடம் போய்க் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகப் பாருங்கள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஆகவே நம் நிலைமைக்குத் தகுந்தபடி சொல்கிறேன். குளிக்கும்போது சோப்புப் போட்ட கை வழுக்கும். அப்போது மூன்று விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்து, மார்பு முழுவதும் அக்குள் வரைக்கும் தடவிக்கொண்டு வாருங்கள். கிள்ளிப் பார்க்கக் கூடாது. கிள்ளினால் நல்ல சதையும் கட்டி மாதிரிதான் தெரியும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருப்பது இயல்பு. விலக்கு முடிந்த சில நாட்களில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். விலக்கு நின்றுபோன பெரியம்மாக்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான்; வயது ஏற ஏற இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். "எனக்கென்ன, பேரன் பேத்தி எடுத்தாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். எதைப் பார்ப்பது? புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு, தோல் ஓரிடத்தில் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, ஆறாத புண், அக்குளில் நெறி. வலி இருந்தால்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். என் கட்டி வலிக்கவே இல்லை என்று முன்பே சொன்னேன். கையில் படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அத்தையும் மருந்துக்கடைத் தம்பியும் அதைச் சொல்ல முடியாது.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய உடனே பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிடும். பாலைக் கொடுத்தோ பீய்ச்சி எடுத்தோ இறக்க வேண்டும். காய்ச்சலும் சிவப்பும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் பால் இறங்கிய பிறகும், நாட்கள் போன பிறகும் ஒரே இடத்தில் நிற்கிற கட்டியைப் பால்கட்டு என்று சொல்லிக் காலம் கடத்தாதீர்கள். சின்ன வயதுக்காரிகளுக்கு நோய் முற்றிப்போவதற்கு இந்தப் "பால்கட்டு" என்கிற சமாதானமும் ஒரு காரணம்.

இன்னொன்று, இதையும் யாரும் மேடையில் சொல்வதில்லை. பாடியைத் துவைத்து நாம் எங்கே காயப்போடுகிறோம்? கொடியில் புடவைக்கு அடியில் ஒளித்து. இல்லாவிட்டால் வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால். அது சரியாகக் காய்வதே இல்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் மார்புக்கு அடியில் அரிப்பும் படையும் வராமல் என்ன செய்யும்? வெயிலில் போடுங்கள் தாய்மார்களே! ஆண்களின் பனியன் கொடியில் கொடி மாதிரி பறக்கிறது, நம் துணிக்கு மட்டும் என்ன தலைமறைவு வாழ்க்கை? (சிரிப்பு) குளித்த பிறகு மார்பின் அடிப்பகுதியை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு, காய்ந்த பருத்தித் துணியாகப் போடுங்கள். அரிப்பு போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ட களிம்பைத் தடவாதீர்கள்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு அன்றாட வேலை ஒன்று கூடுதலாக உண்டு. அக்குள் நெறிகளை எடுத்துவிட்டால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, காலையில் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் பல்லி ஏறுகிற மாதிரி மேலே ஏற்றி இறக்குகிறேன். அந்தக் கையாலேயே தலை வாருகிறேன். அந்தக் கையில் வெட்டுக்காயம், தீக்காயம் படாமல் பார்த்துக்கொள்கிறேன். தோல் வறண்டு வெடிக்காமல் எண்ணெய் தடவுகிறேன். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, தினம் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நம் தங்கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று.

இதுவரை சொன்னது நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாததற்கு வருகிறேன்.

பம்பாயில் டாட்டா மருத்துவமனைக்காரர்கள் 1998-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஊழியர்கள் டாக்டர்கள் அல்ல, நர்சுகள்கூட அல்ல. என்னைப் போலப் பத்தாவது படித்து, சில வாரப் பயிற்சி பெற்ற பெண்கள்! (கைதட்டல்) 2021-இல் வெளிவந்த முடிவு என்ன? சோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முற்றுவதற்கு முன்பே அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் இந்த நோயால் வருகிற சாவு நூற்றுக்கு முப்பது அளவுக்குக் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே சாவு அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிஷினும் மின்சாரமும் இல்லாமல், கற்றுக்கொண்ட ஒரு கையும், அது தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்ததும், கட்டி இருந்தால் மருத்துவமனை வரை அழைத்துப்போக ஏற்பாடு இருந்ததும் செய்த வேலை இது.

அதை நம் ஆலைகளில் ஏன் செய்யக் கூடாது? 500 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த அறையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்து தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறோம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாம் எதிர்க்கிறவை பல உண்டு, அதைத் தனிக் கூட்டத்தில் பேசுவோம். ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை என்று மத்திய அரசு அதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டுக்கொண்டது. சரி, கொடுக்கட்டும். எடை பார்த்து, பிரஷர் பார்த்துக் கையெழுத்து வாங்குவதோடு முடிக்காமல், மார்புப் பரிசோதனையும் அதில் சேரட்டும். பெண்ணை வைத்து, மறைவான அறையில் செய்யட்டும். சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாள் சம்பளத்தோடு விடுப்பு, அட்டெண்டன்ஸ் போனஸ் பிடித்தம் கிடையாது. இதுதான் நம் கோரிக்கை.

வீட்டு வேலை செய்கிற தாய்மார்களுக்கு ஆலையும் இல்லை, ஈ.எஸ்.ஐ.யும் இல்லை; அவர்களுக்கு அரசின் ஆரம்ப சுகாதார நிலையம்தான். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பைச் சோதிக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு வழிமுறை வகுத்தது. போய்க் கேளுங்கள். கன்னடம் சரியாக வராது என்று தயங்கினால் நம் மகளிர் பிரிவிலிருந்து ஒருவர் கூட வருவார்.

கையில் இருக்கிற உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். நீண்டகால நோய்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து பணம் கட்டியிருந்தால், சிகிச்சைக் காலத்தில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை உதவித் தொகை கேட்கலாம். நம் தங்கைக்கு இது கீமோ பாதி முடிந்த பிறகுதான் தெரிந்தது. 2018 முதல் கர்நாடகத்தில் இருக்கிற ஆரோக்கியத் திட்டத்தின் முழு உதவி இந்த மாநிலத்து பி.பி.எல். கார்டைப் பார்த்துத்தான் கிடைக்கும். பத்து வருடம், இருபது வருடம் இங்கே வாழ்ந்துகொண்டு கார்டை மட்டும் ஊரில் வைத்திருப்பவர்கள் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஊர்ப் பாசம் எனக்கும் உண்டு. உடம்பு இங்கே இருக்கும்போது கார்டு அங்கே இருந்து என்ன பயன்?

ரயில்வேக்காரி என்ற முறையில் ஒன்று. புற்றுநோயாளி சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும்போது ரயிலில் சலுகை உண்டு. சிலீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து குறையும். இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் எழுபத்தைந்து. மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு வர வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு முதியோர் சலுகையை எடுத்தார்களே, அதோடு இதுவும் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். போகவில்லை.

பெங்களூரில் ஓசூர் ரோட்டில், நிம்ஹான்ஸுக்குப் பக்கத்தில், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை 1973 முதல் இருக்கிறது. அந்த வாசலைக் கண்டாலே நம் ஜனங்களுக்குப் பயம். பஸ்ஸில் அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி இறங்கக்கூடத் தயங்குகிறார்கள். சென்னையில் அடையாறு மருத்துவமனையை உண்டாக்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். நோய் என்னவென்றே முதலில் சரியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த அக்காள் அழுதுவிட்டு ஓயவில்லை. ஆண்டுக் கணக்கில் அலைந்து, பணம் திரட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் இறக்கும் வரை அந்த நிறுவனத்துக்காகவே வாழ்ந்தார். தங்கைக்காக ஒரு அக்காள் கேட்ட கேள்வியில்தான் அந்தக் கட்டடம் எழுந்தது.

எங்கள் தெருத் தங்கைக்காக நான் கேட்பது கட்டடம்கூட அல்ல. வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கோரிக்கை மனு தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறது. ஒன்று தொழிலாளர் துறைக்கு, ஒன்று ஈ.எஸ்.ஐ.க்கு, ஒன்று ஆலை நிர்வாகங்களுக்கு. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி வைத்திருக்கிறோம். ஈ.எஸ்.ஐ. எண் தெரியாதவர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்திருந்தால் இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் தோழரிடம் காட்டுங்கள், எண்ணையும் டிஸ்பென்சரியையும் எழுதிக் கொடுப்பார். கட்டி இருக்கிறது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு நான் இங்கேயேதான் நிற்பேன். நாளைக்கு எனக்கு வார ஓய்வு, கூட வருகிறேன்.